சூழல் மட்டும் போதுமா? சீனமும் ஜப்பானியமும் கற்கக் கடல் கடக்கும் கல்லூரி மாணவர்கள் நமக்குக் காட்டும் வழி

ஆங்கிலப் பாடம் பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில், அது குறுவள மையக் கூட்டமானாலும் ஆசிரியர் ஓய்வறையானாலும், ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "என்ன டீச்சர் செய்றது? பிள்ளைங்களுக்குச் சூழல் இல்லை. வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுறதில்லை. அந்த ஊரிலேயே கொண்டுபோய் விட்டால் மூணு மாசத்தில் தானாகப் பேசிடுவாங்க." பதினெட்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் நான் இதைக் கேட்காத ஆண்டு இல்லை.

இதில் பாதி உண்மை. மொழிக்குச் சூழல் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சூழல் இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சீன மொழியும் ஜப்பானிய மொழியும் கற்பதற்காகத் தைபே, பெய்ஜிங், யோகோஹாமா, கியோத்தோ போன்ற நகரங்களில் தங்கிப் படிக்கும் திட்டங்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவை நடந்து வருகின்றன. மொழி பேசும் ஊரின் நடுவிலேயே மாணவரைக் கொண்டுபோய் விட்ட பிறகும், மொழி வருவதற்கு எவ்வளவு திட்டமிட வேண்டியிருக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

இந்தத் திட்டங்களைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணம் என் முன்னாள் மாணவி ஒருவர். பொறியியல் படித்துக்கொண்டே ஜப்பானிய மொழி கற்று, கல்லூரிகளுக்கு இடையிலான மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் ஜப்பானில் படித்துத் திரும்பினார். அவர் சொன்ன செய்திகள் என் வகுப்பறையைப் பற்றி என்னை யோசிக்க வைத்தன. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு கடினமான மொழிகள்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனத்தை நடத்துகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், ஒரு மொழியில் பணிக்குத் தேவையான தேர்ச்சி பெற எத்தனை மணி நேர வகுப்பு வேண்டும் என்று அந்நிறுவனம் தன் அனுபவத்திலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஸ்பானியம், இத்தாலியம் போன்ற மொழிகளுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேரம். நம் தமிழுக்கு ஏறத்தாழ 1,100 மணி நேரம். சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 2,200 மணி நேரம்.

இந்தக் கணக்கைக் கல்லூரி வகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்றால் ஆண்டுக்கு 150 மணி நேரம். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு முழுவதும் விடாமல் படித்தாலும் 600 மணி நேரம்தான் ஆகும். ஸ்பானியம் படித்தவர் அதற்குள் ஏறத்தாழ கரை சேர்ந்துவிடுவார். சீனமோ ஜப்பானியமோ படித்தவர் கால்வாசித் தூரம்தான் வந்திருப்பார். மீதித் தூரத்தைக் கடக்கத்தான் அந்த நாட்டுக்கே சென்று, நாள் முழுவதும் அந்த மொழியில் மூழ்கிப் படிக்கும் திட்டங்கள் தோன்றின.

கடினம் முதலில் எழுத்தில் இருக்கிறது. ஜப்பானியத்தில் ஹிரகானா, கடகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். இவற்றோடு சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளும் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. அவற்றில் 1,026 எழுத்துகளை அந்நாட்டுக் குழந்தைகள் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்குள் கற்கிறார்கள். சீனத்தில் எல்லாமே சொல்லெழுத்துகள்தான். சீனாவில் எளிமையாக்கப்பட்ட வடிவமும் தைவானில் மரபு வடிவமும் வழங்குகின்றன.

அடுத்தது ஒலி. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றிவிடும். 'மாய்' என்பதைக் குரலைத் தாழ்த்தி ஏற்றிச் சொன்னால் 'வாங்குதல்'. மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் 'விற்றல்'. கடைக்குப் போகும் மாணவருக்கு இது விளையாட்டுக் காரியமில்லை.

ஜப்பானிய வாக்கிய அமைப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால், 'நான் பள்ளி-க்குப் போகிறேன்' என்ற நம் வரிசை அப்படியே இருக்கும். வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றுகூட வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் ஒப்புமை உண்டு. அமெரிக்க மாணவர் தலைகீழாக யோசிக்க வேண்டிய இடத்தில் நம் மாணவர் நேராக யோசிக்கலாம்.

இந்தத் திட்டங்கள் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1961-இல் டோக்கியோவில் ஒரு மொழி மையத்தைத் தொடங்கியது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதில் கூட்டாகச் சேர்ந்தன. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஜப்பானிய மொழி ஆய்வு மையம் என்ற பெயரில் அது 1987 முதல் யோகோஹாமாவில் இயங்குகிறது. கல்லூரியில் ஓரளவு ஜப்பானியம் படித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, பத்து மாதம் தீவிரப் பயிற்சி தருகிறது. படிப்பின் முடிவில் ஒவ்வொருவரும் தத்தம் துறையைப் பற்றி ஜப்பானிய மொழியிலேயே அவை முன் உரை நிகழ்த்த வேண்டும். ஜப்பானைப் பற்றி இன்று ஆய்வு செய்யும் அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் இங்குப் பயின்றவர்கள்.

சீன மொழிக்கு இதே போன்ற மையம் 1960-களின் தொடக்கத்தில் தைபேயில் உருவானது. அக்காலத்தில் அமெரிக்க மாணவர் சீனப் பெருநிலத்துக்குச் சென்று படிக்க வழியில்லை. ஆகவே சீனம் கற்க விரும்பியவர்கள் தைவானுக்குச் சென்றார்கள். 1997-இல் அந்தக் கூட்டமைப்பு பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. தைபேயில் இருந்த மையத்தைத் தேசியத் தைவான் பல்கலைக்கழகம் ஏற்றுத் தொடர்ந்து நடத்துகிறது. 1993-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பெய்ஜிங்கில் தன் கோடைக்காலத் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பானில் கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கலைக்கல்லூரிகள் பல சேர்ந்து 1972 முதல் ஒரு கூட்டுத் திட்டத்தை நடத்தி வருகின்றன.

அரசியல் காற்று மாறும்போது மாணவர் பயணமும் மாறும். அமெரிக்காவின் சர்வதேசக் கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, 2011-12 கல்வியாண்டில் சீனாவுக்குப் படிக்கச் சென்ற அமெரிக்க மாணவர்கள் ஏறத்தாழ 14,900 பேர். கொரோனாவுக்குப் பிந்தைய 2022-23-இல் அந்த எண்ணிக்கை 469. பெய்ஜிங்கில் நடந்துவந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கோடைக்காலச் சீன வகுப்பு 2022-இல் தைபேக்கு மாறியது. ஓர் ஊரில் கதவு மூடினால் இன்னோர் ஊரில் திறந்துகொண்டு இத்திட்டங்கள் தொடர்கின்றன.

போனால் மட்டும் போதாது

கட்டுரையின் மையமான செய்தி இதுதான். 2004-இல் பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பிரெஞ்சு படிக்கும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் மூன்று குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் குழு, தன் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. இரண்டாவது குழு, பிரான்சுக்கே சென்று படித்தது. மூன்றாவது குழு, அமெரிக்காவிலேயே இருந்து, பிரெஞ்சு தவிர வேறு மொழி பேசுவதில்லை என்ற விதியோடு ஒரு கோடைக்காலத் தீவிரப் பயிற்சியில் சேர்ந்தது.

யாருடைய பேச்சு அதிகம் சரளமானது? பிரான்சுக்குப் போனவர்களுடையது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் முந்தியது மூன்றாவது குழு. மாணவர்கள் எழுதித் தந்த மொழிப் பயன்பாட்டுக் குறிப்புகளில் காரணம் தெரிந்தது. பிரான்சுக்குச் சென்றவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சை விட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். அமெரிக்காவிலேயே இருந்தவர்கள் உணவு மேசையிலும் விளையாட்டுத் திடலிலும்கூடப் பிரெஞ்சே பேசியிருந்தார்கள். மொத்தம் 28 மாணவர்களைக் கொண்ட சிறிய ஆய்வு இது. இதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் டூவி அதே ஆண்டில் ஜப்பானிய மொழி வாசிப்பைப் பற்றித் தனியாகச் செய்த ஆய்விலும், ஜப்பானுக்குச் சென்றவர்களுக்கும் உள்நாட்டிலேயே தீவிரப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வாசித்துப் புரிந்துகொள்வதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

என் மாணவியின் அனுபவமும் இதையே சொல்லியது. "முதல் ரெண்டு மாசம் விடுதியில் எங்க ஊர்ப் பிள்ளைங்களோடதான் டீச்சர் இருந்தேன். சமைக்கிறது, கடைக்குப் போறது, எல்லாம் தமிழும் இங்கிலீஷும்தான். டோக்கியோவில் இருந்தேனே தவிர, ஜப்பானிய மொழியில் இல்லை" என்றார். வாரம் இரண்டு மாலை ஓர் உள்ளூர் முதியவர் சங்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த பிறகே அவருக்கு வாய் திறந்ததாம். அந்த முதியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

ஊர் மாறினால் சூழல் மாறிவிடுவதில்லை. மாணவர் ஒரு நாளில் எத்தனை நிமிடம் அந்த மொழியில் கேட்கிறார், பேசுகிறார் என்பதே சூழல். அந்த நிமிடங்களைக் கூட்டுவது எப்படி என்பதில்தான் நல்ல திட்டங்கள் வேறுபடுகின்றன.

நல்ல திட்டங்களின் ஐந்து தூண்கள்

1. புறப்படும் முன் தயாரிப்பு. வெறுங்கையோடு போகிறவர் வெளிநாட்டில் பேசத் தொடங்கவே பல வாரங்கள் ஆகிவிடும். இதில் எலினார் ஜோர்டன் என்ற பேராசிரியரின் முறை குறிப்பிடத்தக்கது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம் கற்பித்த அவர், வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, விளக்கும் வகுப்பு: இலக்கணத்தையும் பண்பாட்டையும் மாணவரின் மொழியிலேயே பேசித் தெளியலாம். மற்றொன்று, நிகழ்த்தும் வகுப்பு: இங்கே ஜப்பானியம் மட்டும்தான். ஒலிப்பதிவைக் கேட்டு உரையாடலை வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, வகுப்பில் அதைச் சூழ்நிலைக்கேற்ப நடித்துப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலப்பதில்லை.

2. மொழி உறுதிமொழி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளிகளை நடத்துகிறது. சேரும் ஒவ்வொரு மாணவரும், படிப்பு முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று கையொப்பமிட வேண்டும். மீறினால் எச்சரிக்கை, தொடர்ந்து மீறினால் வெளியேற்றம். பிரின்ஸ்டனின் பெய்ஜிங் திட்டம் உட்பட, சீன மொழிக்கான பல திட்டங்கள் இதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. இந்த விதியின் அருமை, அது வெட்கத்தைப் போக்கிவிடுவதில் இருக்கிறது. எல்லாரும் தட்டுத்தடுமாறியே பேசுவதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

3. சிறு வகுப்பு, தனி வகுப்பு. தைபேயில் உள்ள மையத்தில் ஒரு வகுப்பில் நான்கு பேருக்கு மேல் இருப்பதில்லை. அதோடு ஆசிரியரும் மாணவரும் மட்டும் அமர்ந்து பேசும் தனி வகுப்பும் உண்டு. நான்கு பேர் இருக்கும் அறையில் பின்வரிசை என்று ஒன்று இருக்க முடியாது அல்லவா? ஒவ்வொருவரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாய் திறந்தே ஆக வேண்டும்.

4. ஹோம் ஸ்டே. ஜப்பானியத் திட்டங்களில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. கனஸாவா நகரில் நடக்கும் பிரின்ஸ்டனின் எட்டு வாரக் கோடைத் திட்டத்தில் மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். காலையில் வகுப்பில் படித்த வாக்கியம் மாலையில் சாப்பாட்டு மேசையில் தேவைப்படும். அந்த வீட்டுப் பாட்டியிடம் பாடநூலைக் காட்டித் தப்பிக்க முடியாது.

5. வெளியில் ஒரு வேலை. சந்தையில் விலை கேட்டு வா, அஞ்சல் அலுவலகத்தில் ஒரு பொட்டலம் அனுப்பு, பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வா என்று வேலை தருவார்கள். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஊரே பாடநூலாகிவிடும்.

இந்த ஐந்தையும் பாருங்கள். இவற்றில் ஹோம் ஸ்டே ஒன்றுக்குத்தான் வெளிநாடு கட்டாயம் தேவை. மற்றவை பெரும்பாலும் ஆசிரியர் வகுக்கும் ஏற்பாடுகள்.

பண்பாடு தனிப் பாடமில்லை

இத்திட்டங்கள் பண்பாட்டையும் கற்பிக்கின்றன. தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, கோயில் பயணம் எல்லாம் உண்டு. ஆனால் மாணவர் மனத்தில் நிற்பது பெரும்பாலும் அன்றாடச் சொற்களில் உள்ள பண்பாடுதான்.

ஜப்பானிய வீட்டிலிருந்து வெளியே கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்பார். அதன் நேர்ப்பொருள் 'போய் வருகிறேன்'. வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார்; 'போய் வாருங்கள்' என்று பொருள். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்களே, அதே மனம்! ஆங்கிலம் வழியாக இதைக் கற்பவர் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் வழியாகக் கற்பவருக்கு உடனே பிடிபட்டுவிடும்.

சீனத்தில் உறவுமுறைப் பெயர்களைப் பாருங்கள். அப்பாவின் அண்ணன் 'பொபொ', அப்பாவின் தம்பி 'ஷுஷு', அம்மாவோடு பிறந்தவர் 'ஜியுஜியு'. ஆங்கிலத்தின் 'அங்கிள்' என்ற ஒற்றைச் சொல்லோடு வளர்ந்த மாணவர் இதில் திணறுவார். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்தே பழகிய நம் குழந்தைக்கு இது புதிதே இல்லை.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. தாய்மொழியை நன்கு அறிந்த மாணவருக்கு அது புதிய மொழிக்குத் தடையாக இருப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாக இருக்கிறது. ஜோர்டனின் விளக்கும் வகுப்பு மாணவரின் மொழியில் நடந்ததும் இதனால்தான்.

நம் வகுப்பறைக்கு எவை பொருந்தும்?

தைபேயில் நான்கு பேர் அமரும் வகுப்பு. என் எட்டாம் வகுப்பில் 36 பேர். அங்கே பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்திப் படிக்கிறார்கள். ஆகவே அதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டால் சிலவற்றைச் செய்ய முடிகிறது. என் வகுப்பில் நான் செய்து வருபவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பத்து நிமிட உறுதிமொழி. பாடவேளையின் முதல் பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும்தான். எனக்கும் சேர்த்தே விதி. வகுப்பில் ஒரு சிவப்பு அட்டை உண்டு. அதைக் கரும்பலகையில் மாட்டினால் நேரம் தொடங்கியதாகப் பொருள்; கழற்றினால் முடிந்தது. நாள் முழுவதும் ஆங்கிலம் பேசச் சொன்னால் பிள்ளைகள் ஊமையாகிவிடுவார்கள். பத்து நிமிடம் என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, மீட்புச் சொற்றொடர்கள். ஜப்பான் செல்லும் மாணவருக்கு முதல் நாளே 'மொ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்', அதாவது 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்பதைக் கற்றுத் தந்துவிடுவார்கள். பேச்சு அறுந்துவிடாமல் காப்பாற்றும் கயிறு அது. என் வகுப்புச் சுவரில் நான்கு கயிறுகள் தொங்குகின்றன: 'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்', 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்', 'ஹவ் டு யூ ஸே திஸ் இன் இங்கிலீஷ்?', 'கிவ் மீ எ மினிட்'. இந்த நான்கும் தெரிந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, விளக்கமும் நிகழ்த்துதலும் தனித்தனி. இலக்கணத்தைத் தமிழிலேயே தெளிவாக விளக்குகிறேன். அந்த நேரத்தில் ஆங்கிலம் பேசும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. பிறகு அட்டை மாட்டப்பட்டதும், அதே இலக்கணம் வரும் உரையாடலை இருவர் இருவராக நடிக்கிறார்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் கிடைக்கும் நாளில் அந்த உரையாடலை முன்கூட்டியே கேட்கச் செய்கிறேன். ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே போவதை விட, நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்வதில் இரண்டு மொழிக்குமே மரியாதை கிடைக்கிறது.

நான்காவது, தனிப் பேச்சு. வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று பேரை ஒவ்வொருவராக அழைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறேன். நேற்று என்ன சாப்பிட்டாய், உன் ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறது என்ற அளவில்தான். நாளுக்கு மூன்று பேர் என்றால் 12 வேலை நாளில் 36 பேரையும் ஒரு சுற்று வந்துவிடலாம். பின்வரிசைப் பிள்ளைக்கும் ஆசிரியரோடு மூன்று நிமிடம் தனியாகக் கிடைக்கிறது. திருத்துவதை அப்போது செய்வதில்லை. குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் பொதுவாகச் சொல்கிறேன்.

ஐந்தாவது, ஊரே பாடநூல். நம் கிராமத்திலும் ஆங்கிலம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் படுவதில்லை. மருந்து அட்டை, உர மூட்டை, செல்போன் பெட்டி, வங்கிச் சீட்டு, ரயில் டிக்கெட் ஆகியவற்றிலிருந்து வாரம் ஐந்து சொற்களை எழுதி வந்து, எங்கே பார்த்தோம், என்ன பொருள் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். பூச்சிமருந்துப் புட்டியில் இருந்த எச்சரிக்கை வாசகத்தை ஒரு மாணவன் எழுதி வந்து, அதன் பொருளை வீட்டில் அப்பாவுக்கு விளக்கினான். மொழி பயன்படும் இடம் அதுதான்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இவற்றில் முதலாவதையும் நான்காவதையும் இன்னும் சுருக்கிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்புக்கு ஐந்து நிமிட அட்டையே போதும்.

நம் மாணவர்கள் அங்கே செல்ல வழி உண்டா?

உண்டு. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சில வழிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம் 'மெக்ஸ்ட்' என்ற பெயரில் உதவித்தொகை வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இளங்கலைப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பின் முதல் ஆண்டு முழுவதும் ஜப்பானிய மொழிக்கும் அடிப்படைப் பாடங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது; பிறகு நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை, விமானப் பயணச் செலவு உண்டு, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. தேர்வில் கணிதம், ஆங்கிலம், ஜப்பானியம் போன்றவை இருக்கும்; அறிவியல் பிரிவினருக்கு அறிவியல் பாடங்களும் உண்டு. போட்டி மிகக் கடினம். கல்லூரியில் ஜப்பானிய மொழியையே முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு, ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் மொழியும் பண்பாடும் பயிலத் தனிப் பிரிவு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. பள்ளிகளில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய, 35 வயதுக்கு உட்பட்ட ஆசிரியர்கள், மொழிப் பயிற்சி உட்பட ஒன்றரை ஆண்டு வரை ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயிலலாம். எனக்கு வயது கடந்துவிட்டது. இதைப் படிக்கும் இளைய ஆசிரியர்கள் ஜப்பான் தூதரகத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். சென்னையிலேயே ஜப்பானின் துணைத் தூதரகம் இருக்கிறது.

சீன மொழிக்குத் தைவானின் கல்வி அமைச்சகம் 'ஹுவாயு' என்ற உதவித்தொகையை வழங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழக மொழி மையங்களில் ஓராண்டு வரை சீனம் படிக்க இது உதவும். சென்னையில் உள்ள தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையத்தில் விவரம் கேட்கலாம்.

வெளிநாடு போவதற்கு முன் உள்நாட்டிலேயே வலுவான அடித்தளம் பெற முடியும். புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம், சீனம் ஆகியவற்றில் பி.ஏ. ஆனர்ஸ் படிப்புகள் உள்ளன; மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 'க்யூட்' நுழைவுத்தேர்வு வழியாகச் சேரலாம். தாகூரின் விஸ்வபாரதியில் 1937-இல் தொடங்கப்பட்ட சீன பவனம் இன்றும் சீனம் கற்பிக்கிறது. சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதலாம். இதில் எளிய என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள் உண்டு. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம், பகுதிநேர வேலை செய்தே செலவை ஈடுகட்டிவிடலாம்' என்று சொல்லும் முகவர்கள் உண்டு. ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர், அனுமதி பெற்ற பிறகும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதற்கு மேல் செய்தால் விசாவுக்கே ஆபத்து. வாடகை, உணவு, கட்டணம் அத்தனையையும் இதில் சமாளித்துக் கடனையும் அடைப்பது எளிதல்ல. நகையை அடகு வைக்கும் முன் பெற்றோர் நம்மிடம் வந்து கேட்டால், மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: சேரப்போகும் நிறுவனம் பல்கலைக்கழகமா, தனியார் மொழிப் பள்ளியா? முதல் ஆண்டின் மொத்தச் செலவு எவ்வளவு? பிள்ளைக்கு இப்போது அந்த மொழி எந்த அளவு தெரியும்? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றும் தெரியாது, அங்கே போனால் வந்துவிடும்' என்று பதில் வந்தால், ஆறு மாதம் இங்கேயே படித்து என்5 தேர்வை எழுதிவிட்டுப் பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள். ஆர்வம் உண்மையா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

யோகோஹாமாவுக்கும் தைபேக்கும் செல்லும் மாணவர்கள் பல மணி நேரம் படித்துத் தயாரான பிறகே விமானம் ஏறுகிறார்கள். ஏறிய பிறகும் அவர்களுடைய ஒவ்வொரு நாளையும் ஓர் ஆசிரியர் திட்டமிடுகிறார். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய திட்டம் தேவை; அதைப் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம். இந்த வாரம் ஓர் அட்டையை எடுத்துச் சிவப்பு வண்ணம் பூசி, உங்கள் கரும்பலகையின் ஓரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள் என்று அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.